நான்கு செடிகளும் பத்து சதவீதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குடியாத்தத்தில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகன் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் குடும்பத்தோடு வசிக்கிறான். சென்ற கோடையில் நானும் என் மனைவியும் அங்கே போய் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். வீட்டுப் பின்புறத்தில் தக்காளிக்கும் புதினாவுக்கும் நடுவே நான்கு கஞ்சாச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றிருந்தன. அங்கே அது சட்டப்படி குற்றமில்லை என்பதை நான் அறிவேன். இருந்தாலும் கை கால் நடுங்கிவிட்டது. அவனோ பதற்றமே இல்லாமல், "இதில் போதை தரும் பொருள் பத்து சதவீதம்தான் அப்பா, கடையில் இருபத்தைந்து, முப்பது என்று விற்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் இப்போது மிதமானதற்குத்தான் திரும்பி வருகிறார்கள்" என்றான். வளர்ப்பவர்களும் அப்படித்தான் தேடித்தேடி விதை வாங்குகிறார்களாம். இது உண்மையிலேயே ஏற்பட்டுள்ள மாற்றமா, அல்லது பழக்கத்தை விட முடியாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சாக்கா? நம் சவ்வாது மலையில் ஒரு காலத்தில் விளைந்ததும் இப்படி மிதமானதுதானா? பெயரை வெளியிட வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு,

மாற்றமும் உண்மை, சாக்கும் உண்மை. இரண்டும் ஒரே செடியில் காய்த்திருப்பதால் சற்றுப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்னும் பொருள்தான் என்று இஸ்ரேலில் ரஃபேல் மெசூலமும் யெஹியல் கவோனியும் பிரித்தெடுத்துக் காட்டியது 1964இல். அதன் பிறகுதான் "எத்தனை சதவீதம்" என்ற பேச்சே சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் காவல்துறை கைப்பற்றிய கஞ்சாவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வகத்தில் அளந்து வந்தார்கள். 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014இல் ஏறத்தாழ 12 ஆனது, போதை தராத சி.பி.டி. என்னும் மற்றொரு பொருளோ அதே காலத்தில் அநேகமாக இல்லாமலே போயிற்று. திருட்டுத்தனமாக விற்கப்படும் போதைப்பொருள் பெரும்பாலும் காலப்போக்கில் காரம் கூடிக்கொண்டு போகும். மதுவிலக்கு இருந்த நாட்களில் மலையடிவாரத்திலிருந்து லாரி டியூபில் கட்டி இறக்கப்பட்டது சாராயம்தான், கள் அல்ல என்பது நம் வட்டாரத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒளித்துக் கொண்டுபோகிறவனுக்குச் சிறிய பொதியில் பெரிய போதை வேண்டும். கள் அதற்கு ஒத்துவராது, புளித்தும் போகும்.

விற்பனை சட்டப்படி ஆன பிறகாவது இந்த ஓட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வாங்க வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பொட்டலத்தில் அச்சிட்ட எண்தான். அதே விலைக்கு எண் பெரிதாக இருப்பதை அவர் எடுத்தார், வளர்த்தவர்களும் அந்த எண்ணுக்காகவே வளர்த்தார்கள். அந்த எண்ணை நம்பவும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளை மறுபடி அளந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஏழு மாதிரிகள் அச்சிட்ட அளவைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தன. நம் சந்தையில் எடைக்கல்லின் அடியைக் குடைந்து வைக்கும் வித்தை அங்கே ஆய்வகச் சான்றிதழோடு நடக்கிறது, அவ்வளவுதான்.

எண் சரியாகவே இருந்தாலும் அதற்கேற்ற "பலன்" கிடைப்பதில்லை என்பது அடுத்த செய்தி. அதே கொலராடோவில் 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், பூவைப் புகைப்பவர்களையும், பிழிந்தெடுத்த அடர் சாற்றை இழுப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். சாறு இழுத்தவர்களின் இரத்தத்தில் டி.எச்.சி. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, போதையோ ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அளவு கூடக்கூட இன்பம் கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. சிகாகோவில் 2017இல் 42 பேரிடம் நடந்த சோதனையில், மாத்திரையாகக் கொடுத்த 7.5 மில்லிகிராம் டி.எச்.சி. மன அழுத்தத்தைத் தணித்தது, 12.5 மில்லிகிராம் கொடுத்தபோது மனநிலை மேலும் கெட்டது. இளமையில் எப்போதோ புகைத்து விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் கடை திறந்த தைரியத்தில் திரும்பி வந்து, இரண்டு இழுப்பில் நெஞ்சு படபடக்கக் கட்டிலில் கிடந்தவர்கள் மிதமானதைக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

வளர்ப்பவர்களின் ஆர்வத்துக்கு வேறு காரணமும் உண்டு. அறிவியல் ஆசிரியரான உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. செடிக்குள் ஒரே தாய்ப்பொருளிலிருந்துதான் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் பிறக்கின்றன, எது பிறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் நொதிகளை ஒரே மரபணு இடத்தில் உள்ள இரண்டு மாற்று வடிவங்கள் ஆள்கின்றன என்று 2003இல் கலப்பினச் சோதனைகளால் காட்டினார்கள். டி.எச்.சி. வகையையும் சி.பி.டி. வகையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் இரண்டும் ஏறத்தாழச் சமமாக உள்ள நடுவகை. அதைத் தன்னுள்ளேயே கலந்து விதை எடுத்தால் கால் பங்கு டி.எச்.சி. பக்கமும் கால் பங்கு சி.பி.டி. பக்கமும் பிரிந்துபோய், பாதிதான் நடுவகையாக நிற்கும். கரும்பலகையில் பட்டாணிச் செடியை வைத்து நீங்கள் எத்தனை முறை போட்ட கட்டம் இது! ஆகவே சமநிலையான செடியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவது, எண்ணை ஏற்றுவதைவிட நுட்பமான வேலை. அந்த நுட்பத்தில்தான் சில வளர்ப்பாளர்களுக்கு ருசி தட்டியிருக்கிறது. போதையை மட்டுமே குறிவைத்த கலப்புகளில் அடிபட்டுப்போன பழைய வட்டார வகைகளின் மணத்தை மீட்கும் ஆசையும் அதோடு சேர்ந்துகொண்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை, பளபளக்கும் சந்தைக் கத்தரிக்காய்க்கு நடுவே தேடி வாங்கும் மனநிலைக்கு இது தூரமில்லை. (கத்தரிக்காய்க்கு இந்த ஒப்பீடு பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.)

இதை வைத்து உலகமே மிதத்துக்குத் திரும்பிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். உருகுவே அரசு 2017 ஜூலையில் மருந்தகங்களில் விற்கத் தொடங்கியபோது வேண்டுமென்றே மென்மையான வகைகளைத்தான் வைத்தது. போதவில்லை என்ற முணுமுணுப்பு ஓயாததால் பின்னர் வீரியம் கூடியவற்றையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. மிதத்தைத் தேடுகிறவர்கள் பெருகுகிறார்கள், ஆனால் சந்தையின் பெரும்பகுதி இன்னும் எண்ணைத்தான் துரத்துகிறது.

சவ்வாது மலைக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் உரிமத்தின் கீழ் கஞ்சா பயிரான சில இடங்களில் அன்றைய வட ஆர்க்காட்டின் அந்த மலையும் ஒன்று. அது எத்தனை சதவீதம் என்று அன்று அளக்க வழி இல்லை. ஆனால் வீரியத்தில் படிநிலை உண்டு என்பதை நம்மவர்கள் கருவி இல்லாமலே அறிந்திருந்தார்கள். இலையை அரைத்தால் பங்கி, பெண்செடியின் பூங்கொத்து கஞ்சா, பிசினைத் திரட்டினால் சரசு என்று பெயரே வேறு வேறாக இருந்தது. 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமாகப் பயன்படுத்துவதால் நடைமுறையில் தீங்கில்லை, மிகையே கேடு என்று முடிவு சொன்னது. இன்றைய ஆர்வலர்கள் இதை மேற்கோள் காட்டாத நாளில்லை. அந்த அறிக்கை "மிதம்" என்றது புகைக்கிற ஆளின் பழக்கத்தை. செடியின் வீரியத்தை அல்ல. உங்கள் மகன் "மிதம்" என்பது செடியை. நூற்று முப்பது ஆண்டுகளில் அந்தச் சொல் ஆளை விட்டுச் செடிக்குத் தாவிவிட்டது. சாக்கு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சதவீதப் பூ கால் கிராமில் 25 மில்லிகிராம் டி.எச்.சி. இருக்கிறது. எரிவதிலும் காற்றில் கலப்பதிலும் பெரும்பகுதி வீணாகும் என்றாலும், அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021இல் ஆராய்ச்சிக்காக வகுத்த நிலையான அலகு 5 மில்லிகிராம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். "பத்துதானே" என்று ஒன்றுக்கு மூன்றாகச் சுருட்டினால் முப்பது சதவீதக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை, புகை மட்டும் மூன்று மடங்கு. இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான பெரிய மனநல ஆய்வு, பத்து சதவீதத்தையே "உயர் வீரியம்" தொடங்கும் எல்லையாக வைத்தது. அதற்கு மேற்பட்டதைத் தினமும் பயன்படுத்தியவர்களிடம் மனச்சிதைவு வகை நோய்களின் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. 2024 ஏப்ரலில் தடையை நீக்கிய ஜெர்மனி, 18 வயது நிரம்பி 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கஞ்சா வளர்ப்புச் சங்கங்கள் தரலாம் என்று அனுமதித்த உச்ச அளவும் பத்துதான். உங்கள் மகன் அடித்தளம் என்று நினைப்பது மற்றவர்கள் கூரை போட்ட இடம். சி.பி.டி. கூடவே இருப்பதால் அது காக்கும் என்று அவர் சொல்லக்கூடும். இலண்டனில் 46 பேரிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில் டி.எச்.சி.க்குச் சமமாகவும், இரண்டு, மூன்று மடங்காகவும் சி.பி.டி. சேர்த்துக் கொடுத்துப் பார்த்தும் அப்படி ஒரு காப்பு தென்படவில்லை.

அந்தப் பத்தும்கூட விதைப் பொட்டலத்தில் போட்டிருந்த பத்துதான். வெயில், அறுவடை நாள், கிளையின் உச்சியா அடியா என்பதைப் பொறுத்து அது மாறும். ஆய்வகத்துக்கு அனுப்பாதவரை அவருடைய நான்கு செடிகளுக்கும் எண் கிடையாது.

நம் ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை எடைபோடும், வீரியம் பார்க்காது. ஒரு கிலோ வரை சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு, வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல். காட்பாடி ரயில் நிலையத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து இழுத்தெடுக்கப்படும் பைகளில் இருப்பது நான்கு சதவீதமா இருபது சதவீதமா என்பதை, அதைக் கொண்டுவந்தவனும் அறியான், பிரித்து மடித்த பொட்டலத்தைக் கல்லூரி வாசலில் வாங்கும் பையனும் அறியான். மிதமானதாகக் கொடு என்று அவன் கேட்கவே முடியாது. உங்கள் மகனுக்கு வாய்த்த தேர்வு அளவும் முத்திரையும் உள்ள சந்தையின் வசதி. அதை இங்கே பெயர்த்துக்கொண்டுவந்து பேசுகிற இளைஞர்கள் எவரேனும் உங்களிடம் வந்தால், இந்த ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மகனிடம் சண்டை வேண்டாம். அடுத்த முறை அழைக்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை முறை, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் உலர்த்துகிறாரா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் யோசித்துவிட்டுப் பதில் சொன்னால், அந்த யோசனை எவ்வளவு நேரம் நீண்டது என்பதையும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.