ஒரே கணினியில் இரண்டு அஞ்சல் பெட்டிகள்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சிறு நிறுவனங்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் தொழில். அதனால், தொழில் மின்னஞ்சலையும் சொந்த மின்னஞ்சலையும் ஒரே கணினியில் கலக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அனுப்பும்போது கவனமாக இருங்கள் என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை. மாலை ஆறு மணிக்குக் கூரியர் வண்டி வாசலில் நிற்கும்போது எவருக்கும் கவனம் இருப்பதில்லை. அந்தக் கவனமே தேவைப்படாதபடி கணினியை முன்கூட்டியே எப்படி அமைத்துவைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு வியாபாரி): ஐயா, கடைக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக இரண்டு ஜிமெயில் முகவரிகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே குரோமில் திறந்தபடியே இருக்கும். வெளியூர் வியாபாரிக்கு விலைப்பட்டியல் அனுப்பினால் அது என் சொந்த முகவரியிலிருந்து போய்விடுகிறது. அவரும் அதற்கே பதில் போடுகிறார். கடையில் இருப்பவர்கள் அதைப் பார்க்க முடிவதில்லை. இதற்கு என்ன வழி?

பதில்: ஒரே உலாவியில் இரண்டு ஜிமெயில் கணக்குகளைத் திறந்துவைத்தால், முதலில் நுழைந்த கணக்கையே கூகுள் தலைமைக் கணக்காக எடுத்துக்கொள்ளும். ஜிமெயில் திறந்திருக்கும்போது மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். 'யு' என்ற ஆங்கில எழுத்துக்கு அடுத்து 0 என்றோ 1 என்றோ ஓர் எண் தெரியும். 0 என்பது முதலில் நுழைந்த கணக்கு, 1 என்பது அடுத்தது. ஏதாவது ஓர் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினாலும், கூகுள் டிரைவ் கோப்புக்கான இணைப்பைத் திறந்தாலும், பெரும்பாலும் 0 எண் கணக்குதான் முன்னால் வந்து நிற்கும். கடைக் கணக்குக்குப் பகிரப்பட்ட கோப்பைத் திறக்கும்போது 'உங்களுக்கு அனுமதி தேவை' என்று வருவதற்கும் இதுதான் காரணம். கோப்பில் கோளாறு எதுவும் இல்லை; தவறான கணக்கின் வழியாகப் போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு கணக்குகளையும் ஒரே ஜன்னலில் மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, குரோமில் இரண்டு புரொஃபைல்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். வலது மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கினால், புதிய புரொஃபைல் சேர்க்கும் வசதி அங்கேயே இருக்கும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் குக்கீ, பார்வை வரலாறு, புக்மார்க், சேமித்த கடவுச்சொல், எக்ஸ்டென்ஷன் எல்லாமே தனித்தனி. கடைப் புரொஃபைலில் கடை முகவரி மட்டும், சொந்தப் புரொஃபைலில் சொந்த முகவரி மட்டும் என்று வைத்துக்கொண்டு, மற்றதை அங்கிருந்து வெளியேற்றிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் செய்வதில்லை. புரொஃபைலை மட்டும் பிரித்துவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டிலும் இரண்டு கணக்குகளையும் விட்டுவைத்தால் பிரித்ததற்கே பயனில்லை.

அடுத்து நிறம். கடைப் புரொஃபைலுக்கு அடர்சிவப்பு, சொந்தத்துக்குப் பச்சை என்று ஏதாவது தெளிவாகத் தெரியும் நிறங்களைக் கொடுங்கள். ஜன்னலின் மேல்பட்டை முழுவதும் அந்த நிறத்துக்கு மாறிவிடும். இரண்டையும் டாஸ்க்பாரில் தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளவும் முடியும். ஒரு சிறு சிக்கல் மட்டும் மிஞ்சும்: வாட்ஸ்அப்பிலோ ஒரு பிடிஎஃப் கோப்பிலோ உள்ள இணைப்பைச் சொடுக்கினால், கடைசியாகப் பயன்படுத்திய புரொஃபைலில்தான் அது திறக்கும். கடை இணைப்பு என்றால் முதலில் கடை ஜன்னலை ஒருமுறை தொட்டுவிட்டுப் பிறகு சொடுக்குங்கள். கூடவே, ஜிமெயில் செட்டிங்ஸில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசம் 5 வினாடியாக இருக்கும். அதை 30 ஆக மாற்றிவையுங்கள். விலைப்பட்டியல் அனுப்புகிறவருக்கு அந்த 25 வினாடி பெரிய விஷயம்.

கேள்வி (கல்லூரி மாணவர், தாரமங்கலம்): அண்ணா, ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் அது தனி முகவரி ஆகிவிடுமா? இன்டர்ன்ஷிப் வேலைக்கு அதைக் கொடுக்கலாமா?

பதில்: தனி முகவரி ஆகாது, தம்பி. எல்லாக் கடிதங்களும் அதே பெட்டிக்குத்தான் வரும். நீங்கள் பதில் எழுதினால் பழைய முகவரியே போகும். வந்தவற்றைத் தானாக வகைப்படுத்த அது நல்ல வசதி. பிரிப்பதற்கு உதவாது.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர்): சார், முதலாளியும் நானும் ஒரே கணினியைத்தான் பயன்படுத்துகிறோம். அவருடைய குடும்பக் கடிதங்கள், மருத்துவமனை அறிக்கைகள் எல்லாம் என் கண்ணில் படுகின்றன. எனக்கே சங்கடமாக இருக்கிறது. குரோம் புரொஃபைல் போட்டால் போதுமா?

பதில்: போதாது. குரோம் புரொஃபைல் என்பது ஒரு திரைச்சீலைதான். யார் வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். ஒருவரே இரு வேலை பார்க்கும்போது, தன் கையே தவறாகப் போகாமல் இருக்க அது உதவும். நாற்காலியில் இன்னொருவரும் உட்காருகிறார் என்றால், விண்டோஸிலேயே இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் பெயரில் ஒரு ஸ்டாண்டர்டு கணக்கை, அதாவது சாதாரணப் பயனர் கணக்கை, உருவாக்கச் சொல்லுங்கள். கணினி முழுவதையும் நிர்வகிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை முதலாளியிடமே இருக்கட்டும். அந்த உரிமை உள்ளவர் நினைத்தால் மற்றவரின் கோப்புகளைத் திறக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகவே உங்கள் சொந்த விஷயங்களை அந்தக் கணினியில் வைக்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

இப்படிப் பிரித்தவுடன் முதலில் வரும் புகார், 'டேலியில் கம்பெனியே காணோம்' என்பதுதான். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் தரவு பழைய பயனரின் டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸிலோ கிடந்தால், புதிய கணக்கிலிருந்து அது தெரியாது. பிரிப்பதற்கு முன்பே அந்தத் தரவுக் கோப்புறையை டி டிரைவ் போன்ற பொது இடத்துக்கு மாற்றி, இருவருக்கும் அங்கே எழுதும் அனுமதி கொடுத்து, டேலியிலும் அந்தப் பாதையைக் காட்டிவிட வேண்டும். பிரிண்டர் வழக்கமாக இருவருக்கும் பொதுவாகவே கிடைக்கும்.

டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்; திரை பூட்டிக்கொள்ளும். உங்கள் டேலி திறந்தது திறந்தபடியே உள்ளே இருக்க, முதலாளி தம் கணக்கில் நுழைந்து தம் வேலையைப் பார்க்கலாம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கவும் வேண்டாம். அவருடைய அந்தரங்கத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று சொன்னால் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்வார்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்ட மேலாளர்): மலையில் நெட்வொர்க் வரும், போகும். மழைக்காலத்தில் மின்சாரமும் அப்படித்தான். காப்பி, மிளகு வாங்குபவர்களின் கடிதங்களை இணைப்பு இல்லாதபோதும் பார்க்க வேண்டும். என் சொந்தக் கடிதங்கள் அவற்றோடு கலக்கவும் கூடாது.

பதில்: உங்களுக்கு உலாவியைவிடத் தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் மென்பொருளே ஏற்றது. தோட்டத்து முகவரி, சொந்த முகவரி இரண்டையும் ஐமேப் முறையில், அதாவது கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் முறையில், சேர்த்துக்கொள்ளுங்கள். பாப் முறை வேண்டாம். பல அமைப்புகளில் அது கடிதங்களைக் கணினிக்கு இறக்கியபின் சர்வரிலிருந்து அழித்துவிடும், அப்புறம் கைப்பேசியில் தேடினால் கிடைக்காது. ஐமேப் முறையில் சேர்த்த கணக்கின் கடிதங்களைத் தண்டர்பேர்டு தானாகவே கணினியிலும் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும். இணைப்பு இல்லாத நேரத்தில் ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிக்கொண்டு எழுதுங்கள். அனுப்பச் சொன்ன கடிதம் அவுட்பாக்ஸில் காத்திருக்கும்; இணைப்பு வந்து ஆன்லைன் நிலைக்குத் திரும்பும்போது அதை அனுப்பிவிடலாம். ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறந்தால் பயப்பட வேண்டாம். கடவுச்சொல்லை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்து நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்திவிட்டது.

இந்த மென்பொருளில் கலப்பு நிகழும் இடம் மிகக் குறிப்பானது. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால், அது வந்த முகவரியிலிருந்தே பதில் போகும். அதில் சிக்கல் இல்லை. புதுக் கடிதம் எழுதத் தொடங்கும்போதுதான், இடப்பக்கத்தில் அந்த நேரத்தில் எந்தக் கணக்கின் கோப்புறையில் நிற்கிறீர்களோ அந்தக் கணக்கையே தண்டர்பேர்டு அனுப்புநராக எடுத்துக்கொள்கிறது. மகளின் கடிதத்தைப் படித்துவிட்டு அதே இடத்திலிருந்து வியாபாரிக்கு எழுதத் தொடங்கினால், போவது சொந்த முகவரிதான். இரண்டு கணக்குகளுக்கும் வெவ்வேறு கையொப்பம் போட்டுவையுங்கள். எழுதும் பெட்டி திறந்தவுடன் அடியில் தோட்டத்தின் பெயரும் கைப்பேசி எண்ணும் இல்லையென்றால், தவறான கணக்கில் இருக்கிறீர்கள் என்று முதல் வரி எழுதும் முன்பே தெரிந்துவிடும்.

முகவரியின் முதல் இரண்டெழுத்தை அடித்ததும் தானாக வந்து விழும் பெயர்கள் இன்னோர் ஆபத்து. ஏற்கெனவே எழுதிய முகவரிகள் தானாகச் சேரும் பட்டியல் இரண்டு கணக்குகளுக்கும் பொதுவானது. மாமாவின் பெயரும் மிளகு வியாபாரியின் பெயரும் ஒன்றாக இருந்தால் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. இதையும் தவிர்க்க வேண்டுமானால், தண்டர்பேர்டிலேயே இரண்டு புரொஃபைல்கள் வைத்துக்கொள்ளலாம். முகவரிப் புத்தகமும் பிரிந்துவிடும். மின்சாரம் போய்வரும் இடத்தில் அந்தச் சிரமம் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கையொப்பமே போதும் என்பேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி, வீட்டிலிருந்து பணிபுரியும் மென்பொருள் ஊழியர்): என் சொந்த லேப்டாப்பில் அலுவலக அவுட்லுக்கைச் சேர்த்தபோது, இந்தக் கணினியை நிர்வகிக்க நிறுவனத்துக்கு அனுமதி தருவதாக ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுத்துவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: அந்தப் பெட்டியில் 'இந்தச் செயலியில் மட்டும் நுழைகிறேன்' என்ற பொருளில் இன்னொரு வாய்ப்பும் சிறிய எழுத்தில் இருந்திருக்கும், சொந்தக் கணினியில் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிர்வாக அனுமதியைக் கொடுத்துவிட்டால், நிறுவனம் தன் பாதுகாப்பு விதிகளை உங்கள் கணினி முழுவதற்கும் போட முடியும். அமைப்பைப் பொறுத்து, தொலைவிலிருந்தே தரவை அழிக்கவும் முடியும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியின் கீழ் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' என்ற இடத்தில் உங்கள் அலுவலகக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் பேசிவிட்டு அதைத் துண்டியுங்கள். நிர்வாகம் இல்லாமல் அஞ்சல் கிடையாது என்பது அவர்களுடைய விதியாக இருந்தால், நிறுவன லேப்டாப் ஒன்றைக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி (அதே ஊழியர்): வசதிக்காக அலுவலகக் கடிதங்களை எல்லாம் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிடலாமா?

பதில்: கூடாது. நிறுவனத்தின் ரகசியம் வெளியே போனதாக அது கணக்கில் வரக்கூடும். பல நிறுவனங்கள் அந்த வசதியை அடைத்தும் வைத்திருக்கின்றன.

கேள்வி (ஆத்தூர், சேகோ ஆலை உரிமையாளர்): எங்கள் ஜிஎஸ்டி பதிவில் பழைய கணக்கரின் சொந்த மின்னஞ்சல்தான் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓடிபி அவருக்கே போகிறது. ஒவ்வொரு முறையும் போன் செய்து கேட்கிறோம்.

பதில்: இந்த ஊர்ப்பக்கத்தில் அடிக்கடி காணும் நிலைமை இது. கணக்கர் மேல் குறை சொல்லவும் முடியாது. பதிவு செய்த அன்று ஆலைக்கென்று ஒரு மின்னஞ்சல் இல்லாததால் தம்முடையதைக் கொடுத்திருப்பார். முதலில் ஆலையின் பெயரில் ஒரு முகவரியை உருவாக்குங்கள். அது எந்த ஊழியரின் பெயரிலும் இருக்கக் கூடாது. அதன் மீட்பு எண்ணாக உங்கள் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். பிறகு ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து, பதிவுப் பிரிவில் 'நான் கோர்' திருத்தம் என்பதைத் திறந்து, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமிடுபவரின் விவரத்தில் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மாற்றலாம். புதிய மின்னஞ்சலுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனி ஓடிபி வரும். இந்த வகைத் திருத்தத்துக்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. உள்நுழையும் கடவுச்சொல்லே அவரிடம்தான் இருக்கிறது, அவரும் போனை எடுப்பதில்லை என்ற நிலை வந்தால், உங்கள் எல்லைக்குரிய வரி அலுவலரிடம் ஆலையின் ஆவணங்களோடு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு.

அது முடிந்த கையோடு வருமான வரித் தளம், வங்கி, வருங்கால வைப்பு நிதி, மின்வாரியக் கணக்கு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் அவர் முகவரி இருந்தால் மற்றவற்றிலும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆடிட்டருக்கும் தகவல் போக வேண்டுமென்றால் அவரை இரண்டாம் தொடர்பாகக் கொடுக்கலாம். முதல் தொடர்பு ஆலையாகவே இருக்கட்டும்.

கேள்வி (ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியை): அம்மா வீட்டு வங்கிக் கணக்கு முதல் காப்பீடு வரை எல்லாவற்றுக்கும் பள்ளி கொடுத்த மின்னஞ்சலையே கொடுத்திருக்கிறேன். பணி முடிந்ததும் அதை மூடிவிடுவார்களாம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூடிய பிறகு எதையும் மாற்ற முடியாது என்பதால், இப்போதே தொடங்குங்கள், மேடம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சொந்த ஜிமெயிலின் மீட்பு முகவரி. அதுவும் பள்ளி முகவரியாகவே இருந்தால், பின்னாளில் கடவுச்சொல் மறந்தால் இரண்டும் போய்விடும். பிறகு பள்ளி அஞ்சல் பெட்டியில் ஸ்டேட்மெண்ட், ஓடிபி, பிரீமியம், வெல்கம் என்ற சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எங்கெங்கே அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அதிலேயே வந்துவிடும். பணம் சம்பந்தப்பட்டவற்றை முதலில் மாற்றுங்கள். புடவைக் கடை விளம்பரங்கள் அப்படியே போகட்டும். மாணவர் விவரங்கள் உள்ள பள்ளிக் கடிதங்களைச் சொந்தப் பெட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். புதிய முகவரியை அவ்வப்போது திறந்து பாருங்கள். 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது.

கேள்வி (ஐந்து ரோடு பகுதி, காப்பீட்டு முகவர்): லேப்டாப்பைப் பழுதுக்குக் கொடுத்தால் கடைக்காரர் கடவுச்சொல்லைக் கேட்கிறார். உள்ளே வாடிக்கையாளர் கடிதங்களும் என் கடிதங்களும் இருக்கின்றன. கொடுப்பதா, வேண்டாமா?

பதில்: பேட்டரி, கீபோர்டு, திரை மாற்றும் வேலைகளுக்குக் கடவுச்சொல் தேவைப்படுவது அரிது. அந்த வேலையா என்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் கொடுக்காதீர்கள். சோதித்துப் பார்க்க அவசியம் என்றால், கொண்டுபோகும் முன் விண்டோஸில் பெயரளவுக்கு ஒரு ஸ்டாண்டர்டு கணக்கை உருவாக்கி அதன் கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்கும் வேலையாக இருந்தால் அருகில் உட்கார்ந்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், குறியாக்கம் செய்யாத கோப்புகள் எல்லாம் தெரியும். ஆகவே உங்கள் விண்டோஸில் டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இருந்தால் அதை இயக்கி, மீட்புச் சாவியை வேறோரிடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்து கைப்பேசியிலிருந்தே வெளியேற்றிவிடலாம். இரண்டு முகவரிகளுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். லேப்டாப் திரும்பி வந்ததும் பழுதுக்காக உருவாக்கிய கணக்கை நீக்கிவிடுங்கள்.