சொந்தப் பாட்டுகளை நிறுவனம் இல்லாமல் நாமே ஆல்பமாக வெளியிடலாமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டுகள் ஒரு ஆல்பத்துக்குப் போதுமான அளவு இருக்கின்றன. வெளியிட ஒரு நிறுவனம் தயார். ஆனால் மலையாளம் கலந்த வரிகளை மாற்றச் சொல்கிறார்கள், முழு உரிமையும் கேட்கிறார்கள். நானே வெளியிட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்:

நீங்களே வெளியிடுங்கள். பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் வீட்டிலேயே என் தங்கச்சியின் ஆல்பத்தைப் பதிவு செய்து வெளியிட்ட அனுபவத்தில்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அவள் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி மேடைகளில் பாடுகிறவள். வேலா, பூரம் என்று கோயில் திருவிழா சீசன் முழுக்க ஊர் ஊராகப் போய் சினிமாப் பாட்டுப் பாடுவாள். அவளே எழுதிய பாட்டுகளுக்கு அந்த மேடையில் இடம் கிடைக்கவில்லை. ஆல்பம் வந்த பிறகு, அதைக் கேட்டுவிட்டு அவளுடைய பாட்டையே பாடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சின்னக் கூட்டங்கள்தான், ஆனால் அவள் பாட்டுக்காக வரும் கூட்டங்கள்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங்கை நம்பி எதையும் அடகு வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குக் காசே கணக்காகும். கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒருவர் விலை கொடுத்து வாங்கினால் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் அனுப்பும் கட்டணம் தனி. அங்கே வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் உண்மையான ரசிகர்கள். போட்ட முதல் மெதுவாகத்தான் திரும்பும், அதுவும் பெரும்பாலும் கச்சேரிகள் வழியாக.

அப்படியென்றால் ஏன் நாமே செய்ய வேண்டும்? உரிமைக்காக. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டி பங்கை ஒப்பந்தம் போட்டுப் பறித்துவிட முடியாது. இந்தப் பாதுகாப்பு முதல் சொத்துக்குத்தான். ஒலிப்பதிவு, அதைத் தயாரித்தவருக்குச் சொந்தம், வெளியானதிலிருந்து 60 வருடத்துக்கு. நீங்கள் செலவழித்துப் பதிவு செய்தால் தயாரிப்பாளர் நீங்கள்தான். அதை எழுதிக்கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு படத்தில் உங்கள் குரலையே போட வேண்டுமென்று யாராவது கேட்டாலும் நீங்கள் இன்னொருவரைக் கைகாட்ட வேண்டியதுதான். அந்த 60 வருடத்தை இப்போது கிடைக்கும் ஒரு முன்பணத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோ 1990இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். கச்சேரிகளில் கேசட் விற்று வளர்ந்தவர். பெரிய நிறுவனங்கள் தேடி வந்தபோதும் போகவில்லை. இன்றும் அவருடைய பாட்டுகள் அவர் கையில்தான் இருக்கின்றன. பான் ஐவர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன், விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் குடிலில் குளிர்காலம் முழுக்கத் தங்கிப் பதிவு செய்த ஆல்பத்தை 2007இல் சுமார் 500 சிடி மட்டும் அடித்துத் தானே வெளியிட்டார். அடுத்த வருடம் ஒரு நிறுவனம் அதே ஆல்பத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. நிறுவனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடிந்த ஆல்பம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு மரியாதையே வேறு.

வரிகளை மாற்றச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் பாலக்காட்டு நாட்டுப்புறக் கலைகளான கண்யார்களியிலும் பொறாட்டு நாடகத்திலும் தமிழும் மலையாளமும் ஒரே பாட்டில் எத்தனை காலமாகக் கலந்து வருகிறது! ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் யாரும் இது எந்த மொழி என்று கேட்டதில்லை. நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தால் அப்படியே பாடுங்கள். சென்னையில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு சொல் பிடிபடாமல் போகலாம், போகட்டும். பாட்டின் உணர்ச்சி சரியாக இருந்தால் கேட்பார்கள். தங்கச்சியின் ஆல்பத்தில் அதிகம் பேர் கேட்டது, அம்மாயி பாடிக்கொண்டிருந்த ஒரு கும்மி மெட்டில் அவள் புதிதாக எழுதிய பாட்டுதான். அந்தப் பாட்டின் விவரத்தில் மெட்டு மரபு வழி வந்தது என்றே போட்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். சினிமா மெட்டை மட்டும் தொடாதீர்கள், அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

அடுத்தது பதிவு. இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக் கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயின் வாயில் நாம் இருக்கிறோம். ஆனி, ஆடியில் தென்னை மட்டை அடித்துக்கொள்கிற சத்தம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அதனால் குரலை அந்த மாதங்களில் எடுக்காதீர்கள். கிடாருக்கும் இதே பேச்சுதான். கீபோர்டு மாதிரி நேரடியாக ஒயரில் வருவதை அப்போது முடித்துவிடலாம். குரலுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மரமச்சு போட்ட உள்ளறை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பின்னால் ஜமக்காளமும் மெத்தையும் தொங்கவிட்டோம். எதிரொலி அடங்கிவிட்டது. மைக் விஷயத்தில் விலை பார்த்து மயங்க வேண்டாம். கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் பிடிக்கும். சாதாரண டைனமிக் மைக்கில் நெருங்கி நின்று பாடுவது நம் வீடுகளுக்குப் பொருத்தம். கணினியில் 24 பிட் தரத்தில் பதிவு செய்யுங்கள். மிருதங்கமோ மத்தளமோ வேண்டுமென்றால் பெருவெம்பு பக்கத்தில்தான் இருக்கிறது, வாத்தியம் செய்கிற ஊர், நல்ல கைகள் கிடைக்கும். வாசிக்கிறவருக்கு என்ன தருகிறோம், எதற்காகத் தருகிறோம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

வீடியோவுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க எங்களிடம் சொன்ன தொகையில் முழு ஆல்பத்துக்கும் மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமப்படுத்துவது), மாஸ்டரிங் (கடைசி மெருகு) முடித்தோம். மாஸ்டரிங் செய்பவர் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். கேட்பவர் அமைப்பை மாற்றாவிட்டால், ஸ்பாட்டிஃபை பாட்டுகளைச் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கிய குரல் மட்டும் மிஞ்சும்.

பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்கு அனுப்பும் சேவைகள் நிறைய இருக்கின்றன. சேருமுன் ஒன்றைப் பாருங்கள்: சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டை எடுத்துவிடுவார்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஒரு அடையாளக் குறியீடு தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். பின்னால் சேவையை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பாட்டு ஓடிய பழைய எண்ணிக்கையும் கூடவே வரும். எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற முறையில் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே செய்ய வேண்டும். நான் சொன்னால் ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள் என்பேன்.

அந்த நிறுவனத்தோடு சண்டை போட வேண்டாம். ஆல்பம் முடிந்ததும், ஒலிப்பதிவின் உரிமை என்னிடமே இருக்கும், குறிப்பிட்ட வருடங்களுக்கு விநியோகம் மட்டும் செய்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் அவர்களுக்கும் லாபம். இல்லையென்றால் சேவைக் கட்டணத்தைக் கட்டி நீங்களே ஏற்றிவிடலாம்.