ஏசி கேஸ் நிற்காத பழைய கார்: கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: என்னுடையது 2010 மாடல் கார். ஏசி குளிரவில்லை என்று மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். கேஸ் இறங்கிவிட்டது என்று நிரப்பினார்கள். இரண்டே மாதத்தில் பழையபடி வெறும் காற்று. இப்படி மூன்று முறை, தடவைக்கு 2,500 ரூபாய். இப்போது, "கூலிங் காயில் போச்சு, டேஷ்போர்டைக் கழற்றணும், 14,000 ஆகும்" என்கிறார்கள். ஒரு தடவைக்குத்தான் பில் உண்டு, மற்றதெல்லாம் ஜிபே. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் காயில் போனதற்காக இல்லை. இத்தனை வருடம் ஓடிய காரில் காயில் அரிப்பது சகஜம், அதைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. அவர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுவது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் கசியலாம். இரண்டு மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்ப்பதும், கேஸோடு டை (யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) கலந்து யூவி லைட் அடித்துப் பார்ப்பதும் இந்தத் தொழிலில் சாதாரண வேலை. அதைச் செய்யாமல் இரண்டாவது, மூன்றாவது முறையும் காசு வாங்கியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். பில் தராததை அதே சட்டம் 2(47)-இல் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் பணம் போனதைக் காட்டப் போதும், அழித்துவிடாதீர்கள்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த காயில்தான். அந்தக் கடையிலேயே டேஷ்போர்டைப் பிரிக்க விட்டால் சாட்சியம் அவர் கைக்குப் போய்விடும். முதலில் வேறொரு கடையில் லீக் டெஸ்ட் செய்து, எங்கே கசிகிறது என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளியேறும் என்பதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். காயில் லீக் என்றால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் டியூப் நுனியிலும் சில சமயம் அந்தப் பிசுக்கு தெரியும், போட்டோ எடுங்கள். காயிலை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் கடைக்கு 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். இரண்டாம், மூன்றாம் முறை கொடுத்த 5,000 ரூபாய், அலைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு, இவ்வளவு கேளுங்கள். 14,000-ஐயும் சேர்த்தால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் பேச்சு எடுபடாது. நோட்டீஸ் போனதுமே பல கடைக்காரர்கள் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

வரவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் ஒரு புகார் பதிந்து வையுங்கள், அந்தப் புகார் எண்ணையும் மனுவில் குறிப்பிடலாம்.