உப்புக்காற்றும் கேமரா பையும்: வாசகர் கேள்விகள்

கச்சான் காற்று தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளின் ரகமே மாறிவிடும். லென்ஸ், செட்டிங் எல்லாம் போய், பை, மணல், ஜிப், பூஞ்சை என்று ஆகிவிடும். ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்து, பக்கத்திலேயே கேமரா பழுதும் பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். என் மேசைக்கு வந்த கேமராக்களில் கீழே விழுந்து உடைந்தவை குறைவு. பைக்குள் பத்திரமாக இருந்தே கெட்டுப்போனவைதான் அதிகம்.

ஒரு கேமரா பாடி, அதோடு வந்த கிட் லென்ஸ், 55-250 ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் பைக்கில் தனுஷ்கோடி அரிச்சல்முனை போவது வழக்கம். தோள்பையா, முதுகுப்பையா? கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது. (கல்லூரி மாணவர், உச்சிப்புளி)

முதுகுப்பைதான், தம்பி. தோள்பை பைக்கில் போகும்போது முன்னால் வந்து வயிற்றில் இடிக்கும், கடற்காற்று அடித்தால் உன்னையும் சேர்த்து இழுக்கும். பெட்ரோல் டேங்க் மேலே வைத்துக் கட்டுவதும் வேண்டாம். வண்டி அதிர்வில் லென்ஸின் சின்னச் சின்னத் திருகுகள் கழன்றுவிடும். உன் முதுகுதான் நல்ல ஷாக் அப்சார்பர்.

முதுகுப்பையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று முன்பக்கம் திறப்பது, மற்றது முதுகில் படுகிற பக்கம் திறப்பது. முன்பக்கம் திறக்கிற பையை மணலில் வைத்தால் தோளில் மாட்டும் பட்டை இருக்கிற பக்கம் தரையில் கிடக்கும். பிறகு அந்த ஈர மணலைத்தான் முதுகில் சுமக்க வேண்டும். சட்டை போகட்டும், பட்டையில் ஒட்டிய மணல் அடுத்த முறை பையைத் திறக்கும்போது உள்ளே கொட்டும். பின்பக்கம் திறக்கும் பையில் இந்தத் தொல்லை இல்லை.

2,000 ரூபாய்க்குள் அப்படிப் பை தேடி அலையாதே. தடுப்புகள் வைத்த பஞ்சுப் பெட்டி தனியாக விற்கிறது, இன்சர்ட் என்று கேட்டால் தருவார்கள். அதை வாங்கி, கெட்டியான பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொள். கேமரா இருப்பதே வெளியே தெரியாது, கூட்டத்தில் அதுவும் ஒரு வசதி. தனுஷ்கோடியில் எங்கே இறக்கி வைப்பதானாலும் அடியில் ஒரு பழைய உரச்சாக்கை விரித்துக்கொள். நான் ஒரு முறை விரிக்கவும் இல்லை, அலை எங்கே வரை ஏறுகிறது என்று பார்க்கவும் இல்லை. அலை குறைந்த பெண்கடல்தானே என்ற அலட்சியம். அது வந்து பையைத் தொட்டுவிட்டுப் போனது. ஃபிளாஷ் ஒன்று போச்சு.

வீடு பாம்பனில். கேமராவை எப்போதும் பைக்குள்ளேயே பூட்டி வைக்கிறேன், வெளியே எடுப்பதே அபூர்வம். இருந்தும் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வந்துவிட்டது. பை தரமானதுதான். ஏன் இப்படி?

வெளியே எடுக்காததால்தான். அது பூஞ்சை.

பை என்பது கேமராவைக் கொண்டுபோகிற சாமான். கேமராவைக் குடிவைக்கிற இடம் இல்லை. பையின் பஞ்சும் வெல்வெட் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கரையில் அதோடு உப்பும் சேரும். மழை நாளில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாடைக்காலத்தில் பாம்பனில் 75 தாண்டாத ராத்திரி எது? ஆகவே உப்புப் படிந்த பை, அலமாரிக்குள் ஒரு ஈரத்துணி போலத்தான் கிடக்கும். இருட்டு, ஈரம், அசையாத காற்று மூன்றும் கிடைத்துவிட்டால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தோல் பை இன்னும் மோசம். ஸ்டூடியோ ஆரம்பித்த புதிதில் ஆசையாக ஒன்று வாங்கினேன். ஒரே ஒரு வாடைக்காலம் தாண்டியதும் அதன் மேல் பச்சைப் பாசி. உள்ளே இருந்த 50 எம்எம் லென்ஸும் போயிற்று.

செய்ய வேண்டியது இது. வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் வைத்த, காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு, உள்ளே கேமராவை வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். 60 தாண்டினால் ஜெல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், வாணலியில் சிறுதீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. எந்த நிறமானாலும் அந்த வாணலியில் மறுபடி சமைக்க வேண்டாம். பைக்குள் அரிசி முடிந்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வேண்டாம், அரிசி மாவுத்தூளும் வண்டும்தான் மிச்சம்.

வந்த பூஞ்சையைத் துடைக்க லென்ஸை நீங்களே கழற்றாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் சுத்தம் செய்ய முடியும். கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் அந்தத் தழும்பு போகாது.

பை மேலே 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வள்ளத்தில் கேமரா கொண்டுபோகலாமா? குருசடைத் தீவு, காரங்காடு இரண்டுக்கும் போகிறோம். (மண்டபம்)

எழுத்தை நம்பாதீர்கள், தையலைப் பாருங்கள். துணியில் தண்ணீர் இறங்காவிட்டாலும் ஊசி போன ஓட்டைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் இறங்கும். கூடவே வரும் ரெயின் கவர் மழைக்குத்தான். பையின் முதுகுப்பக்கத்தை அது மூடாது. படகிலோ தண்ணீர் மேலிருந்து வருவது கொஞ்சம், அடியில் தேங்கி நிற்பதே அதிகம்.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் அமைதியான நீரில் போவதால் சாதாரணப் பையே போதும். குருசடை அப்படி இல்லை, கடலைத் தாண்டணும். அதற்கு வாய்ப்பக்கத்தைச் சுருட்டி மூடும் டிரை பேக் 20 லிட்டரில் ஒன்று வாங்கி, கேமரா பையை அப்படியே அதற்குள் இறக்குங்கள். வாயை மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும், பலர் ஒரு சுற்றோடு கிளிப்பை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே கொஞ்சம் காற்றையும் விட்டு மூடினால் தவறி விழுந்தாலும் மிதக்கும். புதுப் பையில் முதல் நாளே கேமராவை வைக்காதீர்கள். அதே எடைக்குப் பழைய துணியும் செய்தித்தாளும் திணித்து, அண்டாத் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். செய்தித்தாள் பொய் சொல்லாது.

பெலிக்கன் கம்பெனி விற்கிற மாதிரிக் கெட்டிப் பெட்டி இன்னும் பாதுகாப்பானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவில் இருப்பதே காலியாகப் பெரும்பாலும் நாலைந்து கிலோ வரும். வள்ளத்தில் அதை வைக்க இடம் கேட்டால், படகுக்காரர் முதலில் உங்களை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றுவார்.

கல்யாண வேலை. இரண்டு பாடி, நாலு லென்ஸ், மூன்று ஃபிளாஷ். சக்கரம் வைத்த பை வாங்கலாமா? (கீழக்கரை)

கல்யாண மண்டபத்துக்குள் அருமை. உங்கள் ஊர்த் தெருவில் அரை மணி நேரம் இழுத்துப் பாருங்கள், மணல் ஏறிச் சக்கரம் நின்றுவிடும். முதுகிலும் மாட்டிக்கொள்ளும்படி பட்டை உள்ளதாக வாங்குங்கள். நிக்காஹ் முடிந்த கையோடு மெமரி கார்டுகளைப் பையில் போடாதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள். பை தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம், கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது.

மதிய வெயிலில் காருக்குள் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதையும் நிறுத்துங்கள். சோறு ஆறினாலும் பரவாயில்லை, பேட்டரி வேகக்கூடாது.

200-600 லென்ஸை பாடியோடு மாட்டியபடியே வைக்க எவ்வளவு பெரிய பை வேண்டும்? சக்கரக்கோட்டைக் கண்மாய், சித்திரங்குடி, குளிர்காலத்தில் பூநாரைகளுக்காக தனுஷ்கோடி என்று சுற்றுகிறேன்.

சோனி 200-600 என்றே எடுத்துக்கொள்கிறேன். சுமார் 32 செ.மீ. நீளம், 2.1 கிலோ. ஜூம் செய்தாலும் நீளாத லென்ஸ் அது. பாடியையும் சேர்த்தால் 40-ஐத் தொடும். ஆகவே உள்ளளவு 42-லிருந்து 45 செ.மீ. வேண்டும். அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் வெளியளவு, கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில்மறைப்பான ஹூடைத் திருப்பி மாட்டினால் குறுக்களவு கூடும், அதையும் மறக்காதீர்கள். இவ்வளவு எடைக்கு இடுப்புப் பட்டை கட்டாயம், பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கணும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கறுப்பு வேண்டாம். கண்மாய்க்கரை வெயிலில் கறுப்புப் பை அடுப்பாகிவிடும். காய்ந்த புல் நிறத்தில் வாங்கினால் சூடும் குறையும், பறவைக்கும் உறுத்தாது. வெல்க்ரோ மூடியும் வேண்டாம். அந்த 'சர்ர்' சத்தத்துக்குச் செங்கால் நாரைக் கூட்டமே எழும்பிப் போனதைப் பார்த்தவன் நான்.

குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம், கோயிலுக்குக் கொண்டுபோக எந்தப் பை வசதி? (ஆசிரியை, திருப்பூர்)

எதுவும் வேண்டாம், அம்மா. கோயிலுக்குள் கேமராவுக்கும் போனுக்கும் அனுமதி இல்லை. 22 தீர்த்தமும் ஆடி நனைந்து நிற்கும்போது பையை யார் பார்த்துக்கொள்வது? அறையில் பூட்டிவிட்டுப் போங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வரும்போது மட்டும் பையை உடனே திறக்காதீர்கள். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூத்து, பாம்பன் பாலம் பனிமூட்டத்தில் தெரியும்.

மதுரையிலிருந்து விமானத்தில் போகிறேன். கேமரா பையை லக்கேஜில் போடலாமா?

உபரி பேட்டரிகளைக் கட்டாயம் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், விதியே அதுதான். முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். கேமராவும் லென்ஸும் கூட கையோடு இருக்கட்டும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ என்பதால், காலிப் பையே 2 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

ஜிப் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, இப்போது அசையவே இல்லை. புதுப்பை வாங்கத்தான் வேண்டுமா? (வாலிநோக்கம்)

உப்பளம் இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். எண்ணெயில் மணல் ஒட்டி அரைத்த மாவு மாதிரி ஆகியிருக்கும். பையைக் காலி செய்து, தடுப்புகளையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஜிப் பற்களைத் தேயுங்கள். போர் தண்ணீரில் மட்டும் அலசாதீர்கள். நம் பக்கம் பாதி இடத்தில் அதுவே உப்பு, கழுவியும் புண்ணியம் இல்லை. காவிரிக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். வாஷிங் மெஷினில் போட்டால் உள்பூச்சு உரிந்துவிடும். நிழலில், எல்லா ஜிப்பையும் திறந்து வைத்து இரண்டு நாள் காயப்போடுங்கள். காய்ந்த பிறகு பற்கள் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, பத்துத் தடவை இழுத்து மூடுங்கள்.

அப்படியும் நகராவிட்டால் ஓடியை, அதாவது பற்கள் மேல் ஓடுகிற துண்டை, பாருங்கள். உலோக ஓடி பச்சை பூத்து அரித்திருந்தால் பை தைப்பவரிடம் கொடுத்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பற்களும் உலோகமாக இருந்தால் ஜிப்பையே நைலானுக்கு மாற்றச் சொல்லுங்கள். உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அந்தத் தூள் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் போய் உட்காரும். அந்தப் பையில் இனி வலை தைக்கிற ஊசியும் நூலும் வைத்துக்கொள்ளலாம்.