இரண்டாவது ஊசி தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதயத்துக்கு அணு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறார். குறைக்க ஏலுமா, டொக்டர்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: ஏலும் மகள். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து என்னவென்று கேளுங்கள். தாலியம்-201இன் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 73 மணித்தியாலம்; டெக்னீசியம்-99mக்கு 6தான். உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்தை உழைக்கவைத்து எடுக்கும் உழைப்புப் படத்தை முதலில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். அது சுத்தமாக வந்தால் ஓய்வுப் படம் பெரும்பாலும் தேவைப்படாது. அதற்குரிய ஊசி மிச்சம். இதை யாரும் கேட்பதேயில்லை! காட்மியம்-சிங்க்-டெலுரைட் என்ற புதுவகை ஸ்கேன் கமரா இருந்தால் குறைந்த மருந்தில் சில நிமிடங்களிலேயே படம் முடியும். பழையதில் கால்மணிக்கு மேல் அசையாமல் கிடக்கவேணும்.

கல்லடியிலிருந்து இதே ஸ்கேனுக்கு இரவு பஸ்ஸில் போன என் மாமா, விடிய ஒரு கோப்பி குடித்ததால் ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்தார். கோப்பியிலுள்ள கஃபீன், இதயத்தை உழைக்கவைக்கத் தரும் மருந்தின் வேலையைக் கெடுக்கலாம். தேத்தண்ணியும் அப்படித்தான். முதல்நாளே நிறுத்துங்கள்.