மனைவியின் மனு இரண்டாண்டாகக் கிடப்பில்: வழக்குப் போட்டால் வம்பாகுமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன், நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். மதுரையில் இருக்கும் மனைவியை இங்கே குடியேற அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனு போட்டு 26 மாதங்கள் ஆகின்றன. எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்கிறார்கள். அரசு மீது வழக்குப் போட்டால், அந்தக் கோபத்தில் மனுவைத் தள்ளிவிடுவார்களா?

பதில்: வழக்குப் போட்டதற்காக மனுவை நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. வழக்கு வந்ததும் விஷயம் அரசு வழக்கறிஞரிடம் போகும். இத்தனை நாள் ஏன் இழுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் பல வழக்குகள் விசாரணைக்கு வருவதற்குள் முடிவு வந்துவிடுகிறது.

அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடுங்கள் என்று நம்மூர் உயர் நீதிமன்றத்தில் போடும் மாண்டமஸ் ரிட் போன்றதுதான் இது. அங்கே ஃபெடரல், அதாவது மத்திய அரசின், மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். கட்டணம் 405 டாலர், வக்கீல் ஃபீஸ் தனி. நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அது எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. 180 நாள் என்று ஒரு சட்டப்பிரிவு உண்டு. ஆனால் அது நாடாளுமன்றத்தின் விருப்பமே தவிர கட்டளை அல்ல என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. எனவே குடிவரவுத் துறை தன் தளத்தில் போட்டிருக்கும் காலக்கெடுவை உங்கள் மனு தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். தாண்டியிருந்தால் தாமதம் ஏன் என்று துறையிடம் எழுதிக் கேளுங்கள், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் அலுவலகம் மூலமும் கேளுங்கள். வரும் பதில்கள் எல்லாம் நாளைக்கு உங்கள் சாட்சியம்.

சரி, ஒன்றை மறக்காதீர்கள். நீதிபதி 'முடிவு சொல்' என்றுதான் உத்தரவிடுவார், 'சம்மதி' என்று அல்ல. ஆதாரம் மெலிந்த கோப்பாக இருந்தால் நிராகரிப்புதான் சீக்கிரம் வரும். நம் கல்யாணங்களில் ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போவார்கள். பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கியிருக்க மாட்டோம்! அதை வாங்குங்கள். பயணச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, சேர்ந்திருக்கும் படங்கள் எல்லாம் சேருங்கள். அப்புறம் வழக்கு.

மனு தேறினாலும் விசா நேர்காணல் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், சென்னையில் அல்ல. அங்கே அதிகாரி மறுத்துவிட்டால் நீதிமன்றத்தில் கேட்பது மிகக் கடினம். அமெரிக்கக் குடிமகள் ஒருவர் தன் கணவருக்காகப் போராடிய வழக்கில் 2024-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிவிட்டது.

வழக்குப் போட்டதும் நோட்டீஸை உங்கள் மாவட்டத்துக்கான ஃபெடரல் அரசு வழக்கறிஞர், வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல், துறை ஆகிய மூவருக்கும் சேர்க்க வேண்டும். மாவட்ட அரசு வழக்கறிஞருக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதில் தர அரசுக்கு 60 நாள். ஆகவே நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்ததற்கான ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.