மெட்டல் கரோக்கி: பிடித்த பாட்டு வேறு, பாட வருகிற பாட்டு வேறு

கேள்வி: நண்பர்களோடு ஒரு ஹெவி மெட்டல் (கிட்டார் அதிரும் கனத்த ராக் இசை) கரோக்கி இரவுக்குப் போகிறேன். என் குரல் கொஞ்சம் கனத்தது. அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுக்கள் என்றால் உயிர். ஆனால் வீட்டில் ‘ரன் டு த ஹில்ஸ்’ பாடிப் பார்த்தால் பல்லவியில் குரல் உடைகிறது. மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. எந்தப் பாட்டை எடுக்கலாம்?

பதில்: 1982-இல் வந்த அந்தப் பாட்டு பலரைக் கவிழ்த்திருக்கிறது. சரணம் ஓரளவு எல்லோருக்கும் எட்டும் என்பதால் தைரியமாக ஆரம்பித்துவிடுகிறோம். பல்லவி வந்ததும் அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று நீட்டுவார். உச்சத்தை ஒரு முறை தொட்டுவிட்டு இறங்குவது பலருக்கும் முடியும். அங்கேயே தங்குவதற்குப் பழகிய தொண்டை வேண்டும்.

அதனால் எந்தப் பாட்டானாலும் முதலில் பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று, முழுக் குரலில், மூன்று முறை விடாமல் பாடுங்கள். மூன்றாவது முறையும் முதல் முறை மாதிரியே வந்தால் அது உங்கள் பாட்டு. காருக்குள் மெல்ல முணுமுணுப்பதெல்லாம் கணக்கில் வராது.

பாடகரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்டையே பாருங்கள். 1990-இல் வந்த ‘பெயின்கில்லர்’ கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அலறல். அதன் பக்கம் போகவே வேண்டாம். அதே மனிதர் 1980-இல் பாடிய ‘பிரேக்கிங் த லா’ நடு ஸ்தாயியிலேயே நிதானமாகப் போகிறது. மூன்று நிமிடம்கூட இல்லை, நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனமும் கிடையாது. பல்லவி ஒரே வரிதான். இரண்டாவது முறை வரும்போது கூட்டமே அதைப் பாடிவிடும். உங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

அடுத்தது பிளாக் சப்பாத். கனத்த குரலுக்கு நிறைய இடம் தரும் குழு இது. 1970-இல் வந்த ‘அயர்ன் மேன்’ பாட்டில் கிட்டார் போகிற வழியிலேயே குரலும் போகிறது. மெட்டை மறந்தாலும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் கடைசியில் பாட வேண்டியது முடிந்த பிறகும் வாத்தியம் வெகுநேரம் ஓடும். அதே ஆல்பத்தில் உள்ள ‘பாரனாய்ட்’ சின்னது, விறுவிறுப்பானது. ஆனால் தலைப்புச் சொல் பாட்டில் ஓரிடத்திலும் வராது. கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு ஒரு வரி கிடைக்காது. ‘வார் பிக்ஸ்’ எட்டு நிமிடத்தை நெருங்கும். அதன் ஆரம்ப வரிகளில் டிரம்ஸின் மெல்லிய தட்டலைத் தவிர உங்கள் குரலுக்குத் துணை இல்லை. கொஞ்சம் மேடைப் பழக்கம் வந்த பிறகு அதைப் பாடுங்கள், அந்த நிசப்தத்தில் ஒற்றைக் குரல் ஒலிப்பது அவ்வளவு அழகு!

நீளத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மெட்டாலிக்கா குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டரை நிமிடம். நடுவில் வாத்தியம் மட்டும் ஓடும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். வரிசையில் காத்திருப்பவர்களின் நேரமும் போகிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற பாட்டே நல்லது.

சுருதியைக் குறைக்கலாமா என்றால், இயந்திரக் கரோக்கியில் தாராளமாகக் குறைக்கலாம். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கினால் யாருக்கும் உறுத்தாது. அதற்கும் கீழே இழுத்தால் கிட்டாரின் கடுமை குழைந்துபோகும், மெட்டலுக்கு அது பெரிய இழப்பு. நேரடியாக ஒரு குழு வாசிக்கும் இரவு என்றால் கடைசி நேரத்தில் கேட்காதீர்கள். பல மெட்டல் பாட்டுகள் கிட்டாரின் திறந்த கம்பியை, அதாவது விரலால் அழுத்தாமல் மீட்டும் கம்பியை, நம்பி நிற்பவை. சுருதி மாற்ற வேண்டுமானால் கம்பிகளையே முறுக்கியோ தளர்த்தியோ திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும்.

தொண்டை கட்டியதற்கு வருகிறேன். கரகரப்பை வரவழைக்கத் தொண்டையை இறுக்கிக் கத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி பெற்ற மெட்டல் பாடகர்கள் அந்தக் கரகரப்பைக் குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளை அதிரவைத்து உண்டாக்குகிறார்கள். அது ஒரு வாரத்தில் வராது. ஆசிரியரிடம் மெதுவாகக் கற்க வேண்டியது. அதுவரை தெளிவான குரலில், சொற்களை அழுத்தி உச்சரித்துப் பாடுங்கள். கடுமையைக் கிட்டார் பார்த்துக்கொள்ளும். வலித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரம் கடந்தும் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் ஒலி அடைபடும், கீச்சென்று ஊளையும் வரும். தண்டைப் பிடியுங்கள். ஓங்கிப் பாடும் இடத்தில் மைக்கைச் சற்றுத் தள்ளுங்கள்.

சரி, ‘ரன் டு த ஹில்ஸ்’ ஆசையை என்ன செய்வது? நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சரணம் உங்களுக்கு, பல்லவி குரல் மேலே ஏறக்கூடிய நண்பருக்கு. அதை இரவின் பிற்பகுதிக்கு வைத்துவிட்டு, முதலில் ‘பிரேக்கிங் த லா’வுக்குப் பெயர் கொடுங்கள். அதை வேறு யாராவது முந்திக்கொண்டால் ‘அயர்ன் மேன்’ கைவசம் தயாராக இருக்கட்டும்.